நகராட்சி எல்லை தாண்டி வீடு கட்டுகிறீர்களா? தண்ணீரை முதலில் பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், மண்டபம், உச்சிப்புளி பக்கம் மனைக்கு முன்பணம் கொடுக்குமுன் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்: காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாய் அந்தத் தெருவரை வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள், புது இணைப்பு கிடைக்குமா? விளம்பரத்தில் ‘குடிநீர் வசதி’ என்றால் பல இடங்களில் வெறும் போர்வெல்தான்.

கிராமங்களுக்கான மத்திய அரசுக் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவன் கணக்குப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேருக்கு 275. நான்கு நாளுக்கு ஒருமுறை வந்தால் 1,100. இரண்டொரு நாள் தள்ளிப்போகும் என்பதால் 2,000 லிட்டர் தரைத்தொட்டி கட்டுங்கள். மூடி தரைக்கு மேல் அரையடி நிற்கட்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் இறங்கிவிடும். ஊராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் வைக்கவே கூடாது; விரிசல் வழியே சாக்கடையை உறிஞ்சும்.

கிணற்று விஷயம்தான் சிக்கலானது. கடலோர மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஆழமாகத் துளைத்தாலோ வேகமாக இறைத்தாலோ கீழிருக்கும் உப்பு மேலேறும். அதனால் ஆழமில்லாத உறைக்கிணறு, சின்ன மோட்டார், விட்டுவிட்டு இறைப்பது: இதுதான் வழி. மொட்டைமாடி மழைநீரையும் வடிகட்டி அந்தக் கிணற்றுக்குள்ளேயே விடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரில் கான்கிரீட் கலக்குமுன் பரிசோதனை செய்யுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் லாரித் தண்ணீர்தான். செலவு பார்த்தால் கம்பி துருவேறி, கூரை பொருக்குப்பொருக்காக உதிரும்.