சரவாங்கியும் சாப்பாடும்: பத்தியத்தில் நாம் செய்யும் தவறுகள்

நாகப்பட்டினத்தில் எங்கள் அத்தை வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு ஜெராக்ஸ் தாள் பல மாதம் ஒட்டியிருந்தது. பருப்பு, பட்டாணி, ராஜ்மா, காளான், காலிஃபிளவர், ஈரல், மத்தி, நெத்திலி என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் எதிரே 'கூடாது' என்று போட்டிருந்தது. மூட்டு வலிக்கு நல்லது என்று தெரிந்தவர் ஒருவர் அக்கறையாகக் கொடுத்தது. அத்தைக்குக் காலையில் இரண்டு கை விரல்களும் மடங்காது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க ஒரு மணி நேரம் கழித்து வா என்பார். மத்திக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காதவர், ஆறு மாதம் மோர் சாதத்தில் ஓட்டினார். உடம்பு இளைத்தது, விரல் வீக்கம் அப்படியே இருந்தது.

கடைசியில் மூட்டுநோய் மருத்துவர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது யூரிக் ஆசிட் இருக்கிறவங்களுக்கான லிஸ்ட்மா. உங்களுக்கு இருக்கிறது சரவாங்கி."

நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். யூரிக் ஆசிட் கூடி வருவது கவுட். பெரும்பாலும் கால் பெருவிரலில், திடீரென்று, ராத்திரியில் பிடிக்கும். சரவாங்கி, அதாவது முடக்கு வாதம், வேறு கதை. உடம்பின் காவல்படையே மூட்டின் உள்சவ்வைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது. இரண்டு கைகளிலும் சின்ன மூட்டுகள் வீங்கும், காலையில் விறைப்பு நெடுநேரம் விடாது. லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் பேரிங் காரட், கவுட் நோயாளிகளின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848-லேயே காட்டினார். பிறகு, ரத்தத்தின் தெளிநீரில் அமிலம் கலந்து ஒரு நூலைப் போட்டு வைத்து, அதில் படிகம் படிகிறதா என்று பார்க்கும் முறையையும் கொண்டுவந்தார். சரவாங்கிக்கு 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்ற ஆங்கிலப் பெயரை 1859-ல் வைத்தவரும் அவரே. அவர் பிரித்து வைத்த இரண்டு நோய்களை நாம் இன்னும் ஒரே ஜெராக்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தாளில் எனக்கு ஆறாத வருத்தம் மத்தி மீனைப் பற்றித்தான். கவுட் இருப்பவர் மத்தி, நெத்திலியைக் குறைக்க வேண்டும், சரிதான். ஆனால் சரவாங்கிக்காரருக்குக் கொஞ்சமாவது உதவும் என்று ஆய்வுகள் காட்டிய சில உணவுகளில் ஒமேகா-3 கொழுப்புள்ள மீன்களும் உண்டு. மத்தி, கானாங்கெளுத்தி எல்லாம் அந்த வகை. மீன் எண்ணெயை மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் காலை விறைப்பும் வலி மாத்திரைத் தேவையும் ஓரளவு குறைந்தன. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன் குழம்பு அந்த அளவை எட்டாது. அதற்காக அதை விலக்க ஒரு காரணமும் இல்லை. சைவர்கள் ஆளி விதை சேர்க்கலாம், ஆனால் அதிலுள்ள ஒமேகா-3 உடம்புக்குள் மீனில் இருக்கும் வகையாக மாறுவது சொற்பம்.

அடுத்த தவறு, மாத்திரைக்குப் பதிலாகப் பத்தியம். மற்ற தவறுகள் உடம்பை வாட்டும், இதுவோ மூட்டையே தின்றுவிடும். நோய் தொடங்கிய முதல் சில மாதங்களில் மருந்தால் அடக்காவிட்டால் எலும்பு அரிக்கத் தொடங்கும். அரித்த எலும்பை எந்தக் கஷாயமும் திருப்பித் தராது. 'பட்டினி கிடந்தேன், வலி போச்சு' என்று சிலர் சொல்வது பொய்யல்ல. நார்வேயில் நடந்து 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், 7 முதல் 10 நாள் உபவாசத்துக்குப் பிறகு ஓராண்டு சைவ உணவில் இருந்தவர்களுக்கு வலியும் விறைப்பும் குறைந்தன. ஆனால் அது மேற்பார்வையில் நடந்த சிறிய ஆய்வு. உபவாசத்தை மட்டும் முடித்துப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் வலியும் திரும்பிவிடும். அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பான 'அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி'யின் 2022 வழிகாட்டுதல், மத்திய தரைக்கடல் பாணி உணவை மட்டும், அதையும் நிபந்தனையோடுதான் பரிந்துரைக்கிறது. மற்ற பெயர் பெற்ற டயட்டுகளையும் சப்ளிமென்டுகளையும் பரிந்துரைக்கவில்லை. மருந்தோடு சேர்த்து என்பது அதில் அடிப்படை. ஆலிவ் எண்ணெய் வாங்க ஓட வேண்டாம். காய், கீரை, பயறு, பழம், நிலக்கடலை, மீன் மிகுந்து, மைதாவும் சர்க்கரையும் பொரித்த பண்டமும் குறைந்த தட்டு என்றால் ஏறக்குறைய அதுதான்.

மஞ்சள் பற்றி ஒரு கணக்கு. மஞ்சளில் மருந்து குணம் உள்ளது என்று சொல்லப்படும் பொருள் குர்குமின். மஞ்சள் தூளில் அது ஏறத்தாழ 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் 3 கிராம் என்றால் அதில் 100 மில்லிகிராம்கூட வராது. அதிலும் குடல் உறிஞ்சுவது கொஞ்சம். பாலில் போட்டுக் குடியுங்கள், இதமாக இருக்கும். குர்குமின் மாத்திரை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. முடக்கத்தான் தோசையும் அப்படியே, தோசையாகச் சாப்பிடுங்கள். பெயர் தெரியாத சூரணம் ஒரே வாரத்தில் வலியைப் பறக்க வைத்தால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

டாக்டரே ஸ்டீராய்டு எழுதியிருந்தால் சமையலறை கொஞ்சம் மாற வேண்டும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு எலும்பைச் சன்னமாக்கும், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், சர்க்கரையை ஏற்றும். இந்த நேரத்தில் 'பால், தயிர் வாயு' என்று நிறுத்துவது எலும்பின் மீது இரண்டாவது அடி. பால் ஒத்துக்கொள்ளாதவருக்குக் கேழ்வரகு இருக்கிறது, 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சரவாங்கிக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மருந்து. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அத்தை ஜெராக்ஸ் தாளைக் கிழித்த இடத்தில் காலண்டர் மாட்டி, ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் பேனாவால் சுழித்து வைத்திருக்கிறார். கூடத் தரும் ஃபோலிக் ஆசிட்டை 'வெறும் சத்து மாத்திரைதானே' என்று விடாதீர்கள், வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைப்பது அதுதான். மது இந்த மருந்தோடு சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும்.

நோய் வராமல் தடுக்கும் உணவு என்று நிரூபணமான ஒன்று கிடையாது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் முதலில் விட வேண்டியது சிகரெட், அடுத்தது கூடுதல் எடை.

தக்காளி, கத்தரிக்காய், புளி? எல்லாருக்கும் ஆகாது என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்களுக்கு ஆகவில்லை என்று தோன்றினால் சோதித்துப் பாருங்கள். ஒரே ஒரு பொருளை மூன்று வாரம் நிறுத்தி, மறுபடி சாப்பிட்டு, காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்று தினமும் குறித்து வையுங்கள். ஐந்தாறை ஒன்றாக நிறுத்தினால் எது காரணம் என்றே தெரியாது. அத்தை கத்தரிக்காயை இப்படித்தான் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. புளியை மட்டும் இன்னும் நம்பவில்லை, மத்திக் குழம்பில் பாதிதான் கரைக்கிறார். அதில் கெடுதல் இல்லை, விட்டுவிட்டோம்.