1871 திருகோணமலையில் ஒரு நத்தார் அறிபுனைப் படம்: எழுதி எடுப்பதற்கான வழிகாட்டி

நத்தார் இரவில் ஒளிபரப்புவதற்கென்றே ஓர் அறிபுனைச் (அறிவியல் புனைகதை) சிறப்பு நிகழ்ச்சியைத் தயாரிக்கும் வழக்கம் பிரித்தானியத் தொலைக்காட்சியில் நன்கு வேரூன்றியது. ‘டொக்டர் ஹூ’ தொடர் 2005 முதல் 2017 வரை ஆண்டு தவறாமல் டிசம்பர் 25 அன்று அத்தகைய நிகழ்ச்சியை வழங்கியது. அவற்றுள் 2008 இல் வந்தது 1851 ஆம் ஆண்டின் இலண்டனிலும், 2012 இல் வந்தது 1892 இன் இலண்டனிலும் நடைபெறுகின்றன. அத்தொடர் விக்டோரியா காலத்தைத் தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. இன்று ஆங்கிலேயர் கொண்டாடும் நத்தாரின் வாழ்த்து அட்டை முதலான பல வழக்கங்கள் அந்த அரசியின் ஆட்சியில்தான் (1837–1901) உருப்பெற்றன.

திருகோணமலையில் ஒரு கழகமோ, பாடசாலை நாடகக் குழுவோ, தேவாலய இளைஞர் குழுவோ இவ்வகையில் அரைமணி நேரப் படம் ஒன்றை எடுக்க விரும்பினால், பஞ்சைத் தூவிப் பனி காட்டுவதையும் புகை போட்டு இலண்டன் மூடுபனி காட்டுவதையும் முதலிலேயே கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஊருக்கென்று ஒரு விக்டோரியா காலம் இருந்தது. அந்தக் காலத்தில் அறிபுனைக் கதைக்கென்றே அமைந்தாற்போல ஒரு நாளும் இருந்தது.

அந்த நாள் 1871 டிசம்பர் 12. அன்று காலையில் முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து, யாழ்ப்பாணத்தின் மேலும் திருகோணமலையின் மேலும் சென்றது. அதனை ஆராய்வதற்காக வானியலாளர் நோர்மன் லொக்கியரின் தலைமையில் பிரித்தானியாவிலிருந்து ஒரு குழு வந்தது. லொக்கியர் மலபார்க் கரையிலுள்ள பேக்கலில் நின்றார்; ஹென்றி மோஸ்லி என்ற இளம் இயற்கை ஆய்வாளர் நமது ஊரில், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைகாட்டியுடன் நின்று, முழுக் கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிமகுடத்தை நோக்கினார். நத்தாருக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. இதைவிட நல்ல தொடக்கக் காட்சியை எவரும் கற்பனையால் உண்டாக்க வேண்டியதில்லை.

கதையின் அந்நியன் எங்கிருந்து வருகிறான் என்பதே அடுத்த கேள்வி. வானத்திலிருந்து ஒரு கலம் வந்து இறங்குவது எளிது; ஆனால் அது எந்த ஊரிலும் எந்த ஆண்டிலும் இறங்கக்கூடும். 1871 இன் அறிவியலாளர்கள் கண்ணால் கண்டும் விளக்க முடியாதிருந்த ஒன்றிலிருந்து அவன் வந்தால்தான் கதை அந்த ஆண்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒன்று இருந்தது. 1869 ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது, ஒளிமகுடத்தின் நிறமாலையில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் அது பொருந்தவில்லை. ஆகவே சூரியனில் மட்டுமே உள்ள ஒரு பொருளின் ஒளியாக அது இருக்கலாம் என்று கருதினர். அந்தப் பொருளுக்குப் பின்னாளில் ‘கொரோனியம்’ என்ற பெயரும் வழங்கியது. உங்கள் பாத்திரங்கள் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம். ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்ஹோஃப் நிறமாலைக்கு வகுத்த அளவுகோலில் அதற்குரிய இடத்தைக் கொண்டு ‘1474 கோடு’ என்று அவர்கள் சொன்னால் போதும். அந்த எண்ணைத் தயங்கித் தயங்கி உச்சரிக்கும் ஓர் ஆய்வாளனின் குரலில் வேண்டிய அச்சம் தானாக வந்துவிடும்.

இந்தப் புதிர் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அவிழாமலே இருந்தது. 1940 களின் தொடக்கத்தில்தான் சுவீடன் நாட்டு அறிஞர் பெங்க்ட் எட்லன், அது புதிய தனிமம் அன்று, பதின்மூன்று இலத்திரன்களை இழந்த இரும்பு என்று காட்டினார். இரும்பு அந்த நிலையை அடைவதற்குப் பத்து இலட்சம் பாகையை எட்டும் வெப்பம் வேண்டும். அந்தக் கோடு தெரிவதற்கோ வாயு மிக மிக அருகியதாக இருக்க வேண்டும். நெருக்கமான காற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருப்பதால் அந்த ஒளி வெளிப்படுவதில்லை.

கதாசிரியருக்குத் தேவையான விதி இதிலேயே அடங்கியிருக்கிறது. ஒளிமகுடத்தில் வாழும் ஓர் உயிர் நமது காற்றில் வாழ முடியாது. வெற்றிடத்தில் மட்டுமே அது தங்கும். 1871 இல் வெற்றிடத்தை எங்கே காண்பது? காற்று பெரும்பாலும் வெளியேற்றப்பட்டு, மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களை ஜெர்மனியின் கைஸ்லர் 1857 முதல் செய்துவந்தார். கிரகணத்தைப் பார்க்க வரும் உங்கள் கற்பனை ஆய்வாளரின் பெட்டியில் அத்தகைய குழாய் ஒன்று இருக்கட்டும். நிழல் விலகிச் சூரியன் திரும்பிய பின்னரும், மின்கலம் எதனோடும் இணைக்கப்படாத அந்தக் குழாய் பச்சையாக ஒளிர்ந்துகொண்டே இருக்கட்டும். அதை உடைத்தால் அவ்வுயிர் இறக்கும். உடைக்காவிட்டால் அது இன்னும் பெரிய வெற்றிடத்தைத் தேடும். படத்தின் முழு இழுபறியும் இந்த இரண்டு வாக்கியங்களின் மேல் நிற்க முடியும். மோஸ்லியையே பாத்திரமாக்காமல் வேறொரு பெயரில் ஓர் ஆய்வாளரைப் படைத்துக்கொள்வது முறை; உண்மையில் வாழ்ந்த ஒருவர் செய்யாததை அவர் செய்ததாகக் காட்ட நேராது.

பண்டிகை கதைக்கு வெறும் தோரணமாக இருக்கக்கூடாது. பண்டிகையை நீக்கினால் கதை முடிச்சு அவிழாது என்ற அளவுக்கு அது உள்ளே இறங்கியிருக்க வேண்டும். இதற்கும் நாட்காட்டியே கைகொடுக்கிறது. சூரிய கிரகணம் அமாவாசையில் நிகழ்வதால், அந்த ஆண்டு அடுத்த பௌர்ணமி டிசம்பர் 26 ஐ ஒட்டி வந்திருக்கும். மார்கழித் திருவாதிரையும் அதனோடு சேர்ந்தே வரும். அதற்கு முந்திய பத்து விடியற்காலைகள் திருவெம்பாவைக்கு உரியவை. எனவே 1871 நத்தார் விடியலில், நள்ளிரவுப் பூசை முடிந்து நெடுநேரம் பேசியிருந்துவிட்டு வீடு திரும்பும் குடும்பங்களும், சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிச் செல்லும் குழுவும் ஒரே தெருவில் எதிர்ப்படுவதாகக் காட்டுவது கற்பனைதான் எனினும், நாட்காட்டிக்கு முரணான கற்பனை அன்று. கோயில் மணியும் தேவாலய மணியும் சேமக்கலமும் சேர்ந்து எழுப்பும் அதிர்வுக்குக் கண்ணாடிக் குழாய் நடுங்குகிறது. உள்ளிருக்கும் உயிர் முதன்முறையாகப் பதிலளிக்கிறது. அச்சுறுத்தலாகத் தோன்றியது வழிதவறி வந்த விருந்தாளி என்று பார்வையாளருக்குத் தெரியவேண்டிய இடம் இதுதான். அதற்கு முன் எங்கும் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

கிரகணக் காலையையும் ஊர் மக்களின் வழக்கங்களோடு எழுதுங்கள். சைவர்கள் உணவைத் தவிர்த்து, கிரகணம் விட்டதும் கடலில் நீராடுவர். முஸ்லிம்கள் கிரகணத் தொழுகைக்குக் கூடுவர். கர்ப்பிணிகளை வீட்டினுள்ளேயே இருக்கச் சொல்வர். ஆங்கிலேயர் மட்டுமே வானத்தைப் பார்த்ததாகவும் ஊரார் அஞ்சி ஒளிந்ததாகவும் காட்டுவது பொய்யாகிவிடும். வரப்போகும் கிரகணத்தைப் பஞ்சாங்கம் கணிப்பவரும் அறிந்திருப்பார். ஆய்வாளரின் கடிகாரமும் பஞ்சாங்கக்காரரின் நாழிகைக் கணக்கும் ஒத்துப்போகும் ஒரு சிறு காட்சி, இரண்டு பக்க உரையாடலைவிட அதிகம் சொல்லும்.

இடங்களைத் தேர்வதில் மிகுந்த கவனம் வேண்டும். 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயில் 1963 இல்தான் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. ஆகவே 1871 இல் சுவாமி மலையின் உச்சியில் கோயில் இல்லை. ஆனால் வழிபாடு நிற்கவில்லை; பாறையின் விளிம்பில் நின்று கடலுக்குக் காணிக்கை செலுத்திய வழிபாட்டை, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியான தமது இலங்கை நூலில் விவரித்துள்ளார். கட்டடமே இல்லாத அந்த வழிபாட்டைக் காட்ட முடிந்தால் படத்தின் மிக வலிய காட்சி அதுவாகவே இருக்கும். இராவணன் வெட்டுப் பக்கத்துப் பாறையையும் கடலையும் மட்டும் சட்டத்துக்குள் கொண்டுவந்து, கோபுரமும் கம்பிவேலியும் தெரியாதபடி கமராவைத் தாழ்த்தி வையுங்கள். பிரட்ரிக் கோட்டையின் வாயிலும் மதிலும் பொருத்தமானவை. உள்ளே படையினர் இருப்பதால் எழுத்தில் அனுமதி பெறாமல் முக்காலியை ஊன்றக்கூடாது. ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். துறைமுகத்தின் கடற்படைப் பகுதியைத் தவிர்த்துவிடுவதே நல்லது. நகரின் பழைய ஆங்கிலேயர் கல்லறையில் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பியும் கடற்படைத் தளபதியுமான சார்ல்ஸ் ஆஸ்டின் 1852 முதல் துயில்கிறார். அங்கே ஓர் அமைதியான காட்சி எடுக்கலாம். கல்லறைகளின் மேல் விளக்கையோ பெட்டியையோ வைக்காதீர்கள்.

காலத்துக்குப் பொருந்தாதவற்றையும் களைய வேண்டும். திருகோணமலைக்கு ரயில் 1927 இல்தான் வந்தது. ஆகவே மாட்டுக் கரத்தையும் தோணியும் போதும். மின்கம்பமும் கைபேசிக் கோபுரமும் காட்சியில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; முச்சக்கரவண்டியின் சத்தம் விடிகாலையில் குறைவு என்பதால், வெளிக்காட்சிகளை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆடைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். துரைமார் வெள்ளைப் பருத்திக் காற்சட்டையும் மேலங்கியும் அணியட்டும்; கறுப்புக் கம்பளிக் கோட்டும் உயர்ந்த தொப்பியும் இலண்டனுக்கே உரியவை.

கிரகணத்தைப் படமாக்குவது பலரும் நினைப்பதைவிட எளிது. கிரகணம் காலையில், கடலின் பக்கமாக நிகழ்ந்ததால், விடிவதற்குச் சற்று முன் டச்சு விரிகுடாக் கரையில் கிழக்கு நோக்கி எடுக்கும் காட்சியே முழுக் கிரகணத்தின் அரையிருளுக்கு நெருங்கி நிற்கும்: மேலே இருள், அடிவானத்தில் மட்டும் மஞ்சள். ஒளிமகுடத்துக்குக் கறுப்பு அட்டையில் வட்டம் வெட்டி, மெல்லிய தாளின் முன் பொருத்தி, பின்னாலிருந்து விளக்கு காட்டுங்கள். 1870 ஐ ஒட்டிச் சூரியனின் செயற்பாடு உச்சத்தில் இருந்ததால், மகுடத்தை எல்லாப் பக்கமும் ஏறத்தாழச் சமமாக விரிந்ததாக அமையுங்கள். இரு புறமும் நீண்ட சிறகுகள் வேண்டாம். உண்மையான சூரியனை நோக்கி எவரும் கமராவையோ கண்ணையோ திருப்பக்கூடாது.

பகுதிக் கிரகணத்தைக் காட்டச் சூரியனே தேவையில்லை. கறுப்பு அட்டையில் பிறை வடிவத்தில் துளை வெட்டி ஒரு வலிய விளக்கின் முன் வைத்து, அந்த ஒளியைக் கிடுகு ஒன்றின் சிறு இடைவெளிகள் வழியாக மண்ணில் விழச் செய்யுங்கள். ஒவ்வோர் இடைவெளியும் ஊசித்துளைக் கமராவாக இயங்குவதால், தரை முழுவதும் தலைகீழான குட்டிப் பிறைகள் பரவும். கிடுகைத் தரையிலிருந்து சற்று உயர்த்தினால் அவை இன்னும் தெளிவாகும். ஒரு சிறுமி தன் உள்ளங்கையை நீட்டி ஒரு பிறையை ஏந்திக்கொள்ளும் அண்மைக் காட்சியை எடுத்துவிட்டால், வானத்தைக் காட்டாமலே கிரகணத்தை நம்பவைத்துவிடலாம். 2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணத்தின்போது மர நிழலில் இத்தகைய உருவங்களைக் கைபேசியில் எடுத்தவர்கள் ஊரில் இருப்பார்கள்; கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

பச்சைக் கோட்டையும் உண்மையாகவே படம் பிடிக்கலாம். ஓர் அட்டைப் பெட்டியின் ஒரு முனையில் இரண்டு சவர அலகுகளை மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டுங்கள். மறுமுனையில் பழைய இறுவட்டுத் துண்டு ஒன்றைச் சாய்வாக வையுங்கள். பிளவின் முன்னே பழைய சுருள்வகை மின்சேமிப்பு விளக்கை ஏற்றி, இறுவட்டை மேலிருந்து கைபேசியால் நோக்கினால், பாதரசத்தின் பச்சைக் கோடு கூர்மையாகத் தெரியும். அதன் அலைநீளம் 546 நானோமீற்றர். ஒளிமகுடக் கோட்டினது 530. கண்ணுக்கு இந்த வேறுபாடு பெரிதன்று. கணினியில் வரைந்த கோட்டைவிட இது நூறு மடங்கு உயிருள்ளதாக இருக்கும். கண்ணாடிக் குழாய்க்கு மட்டும் உயர் மின்னழுத்தத்தைத் தொடாமல், சோதனைக்குழாய்க்குள் பச்சை எல்.ஈ.டி. இழையை மெல்லிய தாள் சுற்றி இறக்கினால் போதும்.

உரையாடலில் ஊர்த் தமிழே ஒலிக்கட்டும். ஆய்வாளரோடு உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் படைத்துக்கொள்ளுங்கள்; துரையின் சொற்களை ஊராருக்குச் சொல்லும்போது அவரிடம் ஒரு தமிழும், வீட்டில் மனைவியிடம் பேசும்போது வேறொரு தமிழும் வரட்டும். திருவெம்பாவைக் குழுச் சிறுமி அவரை ‘மாமா’ என்றே அழைக்கட்டும். துரைமார் ஆங்கிலத்திலேயே பேசி, கீழே தமிழ் எழுத்து ஓடட்டும். கொச்சைத் தமிழ் பேசவைத்துச் சிரிப்பூட்ட வேண்டாம்.

படப்பிடிப்பைக் கச்சான் ஓய்ந்து வாடை தொடங்கும் ஒக்டோபரில் வைத்தால், மார்கழிக்குரிய முகில்களும் கிடைக்கும், பெருமழைக்கும் முன்னதாக முடிக்கலாம். சங்கு, சேமக்கலம், மணி ஆகியவற்றின் ஒலியைத் தனித்தனியாக, சுற்றுச் சத்தம் இல்லாத இடத்தில் பதிவுசெய்யுங்கள். விடியல் காட்சி முழுவதும் அந்த ஒலிகளை நம்பியே நிற்கிறது. தொகுத்த பின் படத்தை ஒரு பழைய கைபேசித் திரையிலும் மண்டபத்து வெள்ளைத் துணியிலும் ஓட்டிப் பார்த்து, பச்சைக் கோடு இரண்டிலும் தெரிகிறதா என்று சரிபாருங்கள். துணியில் மங்கினால் சுற்றியுள்ள இருளைக் கூட்டுங்கள், கோட்டின் ஒளியைக் கூட்ட வேண்டாம். முதல் திரையிடலை நத்தாருக்கு முந்திய ஞாயிறு மாலையில் தேவாலய மண்டபத்திலும், இரண்டாவதைத் திருவெம்பாவை நாளொன்றில் கோயில் மண்டபத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். இரு இடத்துக்கும் ஒரே அழைப்பிதழை அச்சிடுங்கள்.