போர்முனைக்குப் போகும் நிருபர்கள் எங்கே தவறுகிறார்கள்?

புதிதாகப் போர்முனைக்குக் கிளம்புபவர்கள் லென்ஸுக்குக் கொட்டும் பணத்தில் கால்வாசியைக்கூட முதலுதவிக்குச் செலவழிப்பதில்லை. முதல் தவறு அதுதான். 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராத்தாவில் மோர்ட்டார் தாக்குதலில் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் காலில் காயம்பட்டு, ரத்தம் வெளியேறியே இறந்தார். அதன் பிறகுதான் அவர் நண்பர் செபாஸ்டியன் யுங்கர் சுயேச்சை நிருபர்களுக்கு முதலுதவிப் பயிற்சி தரும் அமைப்பைத் தொடங்கினார்.

தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்கள்தான் கெடு. ஆனால் பலருடைய டூர்னிகெட் பட்டை (கை, காலில் கட்டி, குச்சியால் முறுக்கி ரத்தத்தை நிறுத்துவது), பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பைக்கு அடியில் கிடக்கும். எந்தக் கைக்கும் எட்டும்படி உடுப்பின் முன்புறம் மாட்டுங்கள். மலிவான போலியை வாங்காதீர்கள். முறுக்கும்போது குச்சி ஒடிந்துவிடும். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, முழங்கால், முழங்கை மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். காயம்பட்டவர் வலியில் அலறுவார். பாவம் பார்த்துத் தளர்த்தினால் ஆளே போய்விடுவார். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். இடுப்பு மடிப்பில் காயம் என்றால் பட்டை கட்ட இடமில்லை. துணியைத் திணித்து அழுத்தத்தான் வேண்டும்.

கவச உடையிலும் ஏமாறுகிறார்கள். 3ஏ தரத்து மென்கவசம் கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும்; ஏகே-47 தோட்டாவுக்குத் தகடு வேண்டும். செராமிக் தகட்டைக் கீழே போட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். முன்தகட்டின் மேல்விளிம்பு தொண்டைக்குழியை ஒட்டி நிற்கட்டும். பலர் தொப்பையை மூடி நெஞ்சைத் திறந்துவிடுகிறார்கள்! ராணுவப் பச்சை நிறமே வேண்டாம்.

அடுத்தது சாட்டிலைட் போன். அதன் சிக்னலை வைத்தே நீங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். 2001-இல் வன்னியிலிருந்து திரும்பும்போது ஒரு கண்ணின் பார்வையை இழந்த போர்முனை நிருபர் மேரி கோல்வின், 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸில் கொல்லப்பட்டார். சிரிய அரசு திட்டமிட்டே குறிவைத்தது என்று 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தங்கும் இடத்திலிருந்தே மணிக்கணக்கில் பேசாதீர்கள். தள்ளிப் போய், சுருக்கமாகப் பேசி, அணைத்துவிட்டு நகருங்கள். இந்தியா வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: துரையா, இரிடியம் போன்களை அனுமதியின்றிக் கொண்டுவந்தாலே கைதாகலாம்.

தனக்குக் கவசம், உள்ளூர் டிரைவருக்கு டி-ஷர்ட் என்று போவது கேவலம். ஃபிக்ஸருக்கும் (தொடர்பு, மொழிபெயர்ப்பு என எல்லாம் ஏற்பாடு செய்து தரும் உள்ளூர் உதவியாளர்) டிரைவருக்கும் கவசமும் காப்பீடும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

'சிக்னல் கிடைக்கலையோ என்னவோ' என்று அலுவலகம் காத்திருப்பதும் ஆபத்து. எத்தனை மணிக்குத் தகவல் வர வேண்டும், வராவிட்டால் எத்தனை நிமிடத்தில் யார் யாரை அழைக்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே எழுதி, ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.