ஆட்டிசக் குழந்தைக்குப் பாட்டின் வழியே பேச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைபேசியில் நாள் முழுக்கப் பாட்டை ஓடவிடுவது இசைச் சிகிச்சை ஆகாது. குழந்தை முழுப் பாட்டையும் ஒப்பிக்கலாம். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்க அது மட்டும் போதாது. ஒருவர் பாட, மற்றவர் பதில் தரும்போதுதான் பாட்டு பேச்சுக்கு உதவும்.

அந்தப் பதிலுக்கு இடமே விடாமல் பாடிக்கொண்டே போவதுதான் மிகப் பெரிய தவறு. நன்கு பழகிய வரியைப் பாடி, கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துங்கள். எதிரே, குழந்தையின் கண்மட்டத்தில் உட்கார்ந்து 5 முதல் 10 விநாடி பேசாமல் காத்திருங்கள். கேட்டதை உள்வாங்கி வாயைத் திறக்கப் பல குழந்தைகளுக்கு அவ்வளவு நேரம் வேண்டும். 2 விநாடியில் நீங்களே சொல்லிவிட்டால், நீங்கள் சொல்வதற்காகக் காத்திருக்கவே குழந்தை பழகும். ஒரு பார்வை, கையசைவு, 'ம்' என்ற ஒலி எல்லாமே பதில்தான். உடனே பாட்டைத் தொடருங்கள். 'என்னைப் பார், சொல்' என்று வற்புறுத்தாதீர்கள்.

சொற்களை அள்ளித் திணிக்கவும் வேண்டாம். 'தா', 'போதும்', 'இன்னும்' போல அன்றாடம் தேவைப்படும் 2 அல்லது 3 சொற்கள் போதும். மெட்டுக்காகக் குறிலை நீட்டாதீர்கள்: 'படம்' என்பதன் முதலெழுத்தை இழுத்தால் 'பாடம்' ஆகிவிடும். நெடிலைத் தாராளமாக இழுக்கலாம்.

சொல் பாட்டுக்குள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. முதலில் பாடுங்கள், பிறகு மெட்டில்லாமல் தாளத்தோடு சொல்லுங்கள், பிறகு இயல்பாகப் பேசுங்கள். 'தா' என்ற சொல்லைப் பொருள் கைமாறும் நேரத்திலேயே பழக்குவது நல்லது.

காதைப் பொத்தினால் ஒலியைக் குறையுங்கள், அல்லது நிறுத்துங்கள். அதைப் பிடிவாதம் என்று நினைப்பது அநியாயம். சில ஒலிகள் இக்குழந்தைகளுக்கு உண்மையிலேயே தாங்க முடியாதவை.

எதிர்பார்ப்பிலும் நிதானம் தேவை. சொல்லைப் பாடியபடியே மேளம் தட்டும் பயிற்சியில், பேச்சு வராத 6 குழந்தைகள் முன்னேறியதை 2011இல் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் அது மிகச் சிறிய ஆய்வு. 9 நாடுகளில் 364 குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், இசைச் சிகிச்சையால் ஆட்டிச அறிகுறிகளின் தீவிரம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆகவே இதை நம்பிப் பேச்சுப் பயிற்சியை நிறுத்தாதீர்கள். குழந்தை தன் தேவையைக் காட்டப் பயன்படுத்தும் படஅட்டைகளையும் பறிக்காதீர்கள், அவை பேச்சைத் தடுப்பதில்லை. செவித்திறன் பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால், முதல் வேலை அதுதான்.