மேய்ச்சல் மாட்டில் ஆண்டுக்கு ஒரு கன்று: எங்கே தவறவிடுகிறோம்?

மாடு ஈன்று ஆறு மாதமாகியும் சினை பிடிக்கவில்லை என்றால் சினை ஊசியை (செயற்கைக் கருவூட்டல்) குறை சொல்வோம், இல்லையென்றால் காளையை. என் அனுபவத்தில் பெரும்பாலும் தவறு அதற்கும் வெகு முன்பே, மாடு ஈனுவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் நடந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். சினைக்காலம் சுமார் 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால் மிச்சம் 85 நாள்தான். அதற்குள் கருப்பை பழைய நிலைக்குச் சுருங்கி, பருவம் (காளையைத் தேடும் சினைப்பருவம்) திரும்பி, சினையும் பிடித்தாக வேண்டும். நாமோ பால் வற்றியதுமே தீவனத்தையும் குறைத்துவிடுகிறோம். வயிற்றில் கன்று வேகமாக வளர்வதே அந்தக் கடைசி மூன்று மாதங்களில்தான். கொரங்காட்டில் (கொங்கு நாட்டு வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) கோடையில் கொழுக்கட்டைப் புல் காய்ந்துபோன நேரமாகவும் அது அமைந்துவிட்டால், மாடு தன் உடம்பைக் கரைத்துத்தான் கன்றை வளர்க்கும். விலா எலும்பு வரிசையாகத் தெரிய ஈனுகிற மாடு பருவத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஈன்ற பிறகு அள்ளிப் போட்டாலும் அது முதலில் பாலுக்குத்தான் போகும். அதனால் அடர்தீவனத்தையும் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்தது) தாது உப்பையும் ஈனுவதற்கு முன்பே தொடங்குங்கள். வெள்வேல் மரத்தின் காய் கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கன்றை நாள் முழுக்கத் தாயோடு விடுவது. பாசமாகத்தான் செய்கிறோம். ஆனால் கன்று ஓயாமல் மடியில் ஊட்டிக்கொண்டே இருந்தால், சினைமுட்டை வெளிவரத் தூண்டும் ஹார்மோன் தாயின் உடம்பில் அடங்கியே கிடக்கும். ஒன்றரை, இரண்டு மாதத்துக்குப் பிறகு காலை மாலை மட்டும் ஊட்ட விட்டாலே மெலிந்த மாடுகளிலும் பருவம் சீக்கிரம் திரும்ப வாய்ப்பு உண்டு.

அதற்காக ஒரே நாளில் பாலை மறக்கடித்துவிடாதீர்கள். இரண்டாவது வாரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனமும் நல்ல காய்ந்த புல்லும் கொறிக்கப் பழக்காத கன்றுக்கு இரைப்பை தயாராகியிருக்காது. அதைத் திடீரென்று பிரித்தால் வயிறு ஒட்டி, மயிர் சிலிர்த்து, வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். சீம்பாலைத் தாமதிக்கவே கூடாது. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது, அது கன்றைக் கொல்கிற வழக்கம். நோய் எதிர்ப்பாற்றலைக் குடல் வாங்கிக்கொள்வது முதல் நாள் மட்டும்தான், அதிலும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் குடிக்க வையுங்கள்.

சினை ஊசி விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. ஒரு தடவை தவறினால் அடுத்த பருவம் வர 21 நாள் போச்சு.

மந்தைக்கு ஒரே காளையை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் மகள்களே இப்போது பருவத்துக்கு வந்திருப்பார்கள். காளையை மாற்ற மனம் வராவிட்டால், அந்தக் கிடேரிகளையாவது தகப்பனோடு சேர விடாமல் வேறு காளைக்குக் கொண்டுபோங்கள்.