முயல் துடித்தால் வலிப்புதானா?

வளர்க்கும் முயல் திடீரென்று சாய்ந்து காலை உதறினால் முதலில் மணியைப் பாருங்கள், அடுத்து செல்போனில் வீடியோ எடுங்கள். டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் முயல் பெரும்பாலும் தெளிந்துவிடும். அப்போது வாய்விளக்கத்தைவிட 30 விநாடி வீடியோ அதிகம் சொல்லும். கண்ணும் முகமும் தெரியும்படி எடுங்கள்.

வலிப்பென்றால் பெரும்பாலும் முயலுக்கு நினைவு இருக்காது. பெயர் சொன்னாலும் மீசையை மெல்லத் தொட்டாலும் திரும்பிப் பார்க்காது. உடம்பு விறைக்கும், தலை பின்னால் வளையும், நாலு காலும் நீந்துவதுபோல் அடிக்கும். பல்லை அரைக்கலாம், எச்சில் வழியலாம், சிறுநீர் போய்விடலாம். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அதற்குப் பின் வருவதுதான் நல்ல தடயம்: மலங்க மலங்க விழிக்கும், சுவரில் முட்டும், பிடித்த கொத்தமல்லியை மூக்கருகே நீட்டினாலும் கண்டுகொள்ளாது. அடங்கிய மறுநொடியே எழுந்து தீனிக்கு ஓடினால் அது வலிப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. சில முயலுக்கு முகத்தின் ஒரு பக்கமோ ஒரு காதோ மட்டும் துடிக்கும். அதையும் விடாமல் படம் பிடியுங்கள்.

ஏமாற்றுபவை பல. தூக்கத்தில் மீசையும் பாதமும் துள்ளும், கூப்பிட்டால் விழித்துக்கொள்ளும். சொகுசாக இருக்கும் முயல் பொத்தென்று பக்கவாட்டில் விழுந்து படுக்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அது செத்துவிட்டதாகவே தோன்றும். மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடப்பது வலிப்பும் அல்ல, நிம்மதியும் அல்ல, பயத்தில் உறைவது.

அதிகம் குழப்புவது தலைசாய்வு நோய். உட்காதுத் தொற்றாலோ, என்செஃபலிட்டோசூன் குனிகுலி என்ற ஒட்டுண்ணியாலோ சமநிலை தவறி முயல் ஒரே பக்கமாக உருளும். நினைவு இருக்கும், எழ முயலும், பயத்தில் மிரளும். கண்மணி தாளம் போட்டதுபோல் ஓடும். எந்தப் பக்கம் உருள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே ஒட்டுண்ணி அசல் வலிப்பையும் தரும், ஆகவே உருளலும் உதறலும் மாறி மாறி வந்தால் இரண்டையும் சொல்லுங்கள். பின்னங்கால் மட்டும் இழுத்தால் முதுகெலும்பு அடியைச் சந்தேகிக்கலாம். முயல் தானே வேகமாக உதைத்தாலும் முதுகெலும்பு முறியலாம்.

துடிக்கும்போது பிடித்து அமுக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். சுற்றிலும் டவலைச் சுருட்டி வையுங்கள், விளக்கை அணையுங்கள், டிவியை நிறுத்துங்கள், கூட இருக்கும் முயலை நகர்த்துங்கள். முழுசாகத் தெளியும்வரை சிரிஞ்சில் தண்ணீரோ தீனியோ கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். தெளிந்தபின் பட்டினி போடவும் கூடாது: 12 மணி நேரம் சாப்பிடாத முயலின் குடல் நின்றுபோகலாம்.

காரணத்தையும் அங்கேயே தேடுங்கள். நாய்க்கு வைத்த உண்ணி மருந்தைப் போட்டீர்களா? அதில் இருக்கக்கூடிய ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி முயலுக்கு ஆகவே ஆகாது, வலிப்பே வரவைக்கும். பழைய பெயின்ட் அடித்த கம்பியைக் கடித்ததா? அதில் ஈயம் இருக்கலாம். மத்தியான வெயிலில் மாடியில் கூண்டு இருந்ததா? முயலின் இயல்பான உடல்சூடு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டி ஏறினால் காது கொதிக்கும், வாயைத் திறந்து இரைக்கும், கடைசியில் வலிப்பும் வரும். நிழலுக்குக் கொண்டுபோய், குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் காதைத் துடைத்து, மின்விசிறியைப் போடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்குவது அதிர்ச்சியில் முயலையே கொன்றுவிடலாம்.

வலிப்பு 5 நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாம் முறை வந்தாலோ காத்திருக்க வேண்டாம். கிளினிக்கில் மிடசோலம், டயசிபாம் போன்ற ஊசிகள் போட்டு அடக்குவார்கள். வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். கிளம்புமுன் போன் செய்து முயல் பார்ப்பார்களா என்று கேளுங்கள், நாய், பூனை மட்டும் பார்ப்பவர்கள் நிறைய. மருந்துப் பாட்டில், உண்ணி மருந்து அட்டை, வீடியோ மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.