எண்ணுவதற்கு முன்னால்: அளவுசார் ஆய்வை முதன்முதலாகச் செய்யும் மாணவர்களுக்கு

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது நான் செய்த முதல் கருத்தாய்வில் கேட்டது ஒரே கேள்விதான்: "வீட்டில் தமிழ் பேசுகிறீர்களா?" கூகல் படிவத்தைத் தமிழ் ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டேன். ஒரே இரவில் பதில்கள் குவிந்தன. கிட்டத்தட்ட எல்லாமே "ஆம்". ஆசிரியர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கோயில் வாசலில் நின்றுகொண்டு சாமி கும்பிடுவீர்களா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?"

அதனால் எக்செல்லைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டியதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

படி 1: எண்ணக்கூடிய கேள்வி

"இளையர்களிடம் தமிழ் தேய்கிறதா?" பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்பு, ஆய்வுக்கு ஆகாது. இளையர் என்றால் எந்த வயது? தேய்வதை எதை வைத்து அளப்பது? இப்படி மாற்றிப் பாருங்கள்: "தாத்தா பாட்டியுடன் ஒரே வீட்டில் வசிக்கும் உயர்நிலை மூன்று மாணவர்கள், அப்படி வசிக்காதவர்களைவிட வீட்டில் அதிக நேரம் தமிழ் பேசுகிறார்களா?" இப்போது இரண்டு மாறிகள், அதாவது ஆளுக்கு ஆள் மாறுபடும் விவரங்கள், கிடைத்துவிட்டன. பெரியவர்கள் உடன் இருப்பது சாரா மாறி, காரணமாக இருக்கலாம் என்று நாம் பார்ப்பது. பேசும் நேரம் சார்ந்த மாறி, அதனால் மாறக்கூடியது. "ஆம், அதிகம் பேசுவார்கள்" என்று நீங்கள் ஊகித்தால் அதுதான் கருதுகோள். தரவு கைக்கு வருமுன்பே அதை எழுதி வைத்துவிடுங்கள். விடையைப் பார்த்துவிட்டு விடுகதை போடக்கூடாது.

படி 2: யாரைப் பற்றிய எண்?

மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர் இந்தியர்களில் 27.9 விழுக்காட்டினர் வீட்டில் ஆக அதிகம் பேசுவது தமிழ். 2010இல் இது 36.7 விழுக்காடு. அதே பத்தாண்டுகளில் ஆங்கிலம் 41.6இலிருந்து 59.2 விழுக்காட்டுக்கு ஏறியது.

உடனே "தமிழர்களில் கால்வாசிப் பேர்தான் தமிழ் பேசுகிறார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த விழுக்காடு இந்தியர்களைப் பற்றியது. மலையாளிகளும் பஞ்சாபியரும் அதில் உண்டு. ஆக அதிகம் பேசும் மொழியை மட்டுமே அது சொல்கிறது. ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ் பேசும் வீடு அந்த 27.9க்குள் வராது. அப்புறம், குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எண்ணியிருக்கிறார்கள். வேலை அனுமதியில் சிங்கப்பூருக்கு வந்து துவாஸ் வட்டாரத்தில் விடுதியில் தங்கியிருக்கும் தமிழ்நாட்டு ஊழியர், நாள் முழுக்கத் தமிழே பேசினாலும், இந்தக் கணக்கில் இல்லை. ஒரே எண்ணுக்குள் இத்தனை "யார்" ஒளிந்திருக்கிறது. உங்கள் ஆய்விலும் "யார்" என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

படி 3: மாதிரி

எல்லாரையும் கேட்க முடியாது, சிலரைத்தான் கேட்போம். அந்தச் சிலர்தான் மாதிரி. குலுக்கல்போல, யாருக்கும் சமவாய்ப்பு இருக்கும்படி எடுத்தால், 100 பேருக்குப் பிழை வரம்பு (உண்மை நிலையிலிருந்து நம் விடை பொதுவாக விலகக்கூடிய அளவு) ஏறக்குறைய ±10 விழுக்காட்டுப் புள்ளிகள். 400 பேருக்கு ±5. பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று கணித்தது. 48 மாநிலங்களில் 46ஐ அவரை எதிர்த்து நின்ற ரூசவெல்ட் அள்ளிக்கொண்டு போனார். தொலைபேசிப் புத்தகம், கார் பதிவு போன்ற பட்டியல்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். பொருளாதார மந்த காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். போதாததற்கு, பதில் அனுப்பியவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். என் வாட்ஸ்அப் குழுவின் கதையும் அதுவேதான்.

குலுக்கல் முறை கைகூடாவிட்டால், தெரிந்தவர்களையே கேட்டதாக ஒப்புக்கொள்ளுங்கள். பிழை வரம்பைப் போட்டு அலங்கரிக்காதீர்கள்.

படி 4: வினாக்கள்

"அடிக்கடி பேசுவீர்களா?" வேண்டாம். ஒருவரின் அடிக்கடி இன்னொருவருக்கு அபூர்வம். "நேற்று மாலை வீட்டில் ஏறத்தாழ எத்தனை நிமிடம் தமிழில் பேசினீர்கள்?" என்று கேளுங்கள். "தமிழ் எளிதா, சுவையா?" என்பது இரண்டு கேள்வி, பிரித்துவிடுங்கள். அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே கேட்காதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதமும் பள்ளியின் அனுமதியும் முதலில் வாங்குங்கள்.

பிறகு ஐந்து பேரிடம் கொடுத்து ஒத்திகை பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கேள்வியில் பேனா நிற்கிறது என்று கவனித்தாலே போதும்.

படி 5: கணக்கு

எக்செல்லில் ஒரு கிடை வரிசையில் ஒரு ஆள், ஒரு நெடுக்குப் பத்தியில் ஒரு கேள்வி. சராசரியைக் கண்மூடி நம்பாதீர்கள். ஐவரின் பதில் 0, 5, 10, 15, 120 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 30, ஆனால் நான்கு பேர் அதில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், 10. அந்த 120 நிமிடக்காரர் பாட்டியோடு தொடர் பார்ப்பவராக இருக்கலாம்! சராசரி, இடைநிலை இரண்டையும் எழுதுங்கள்.

தாத்தா பாட்டி உள்ள வீட்டில் தமிழ் அதிகம் என்று வந்தாலும், அவர்களால்தான் என்று சொல்லிவிட முடியாது. அந்த வீட்டுப் பெற்றோரே தமிழில் பேசுபவர்களாக இருக்கலாம். அதனால் பெற்றோர் தங்களுக்குள் பேசும் மொழியையும் படிவத்தில் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள்; படிவம் போனபிறகு நினைவு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

படி 6: எழுதுவது

ஒவ்வோர் அட்டவணைக்குக் கீழும் எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை பேர் பதில் தந்தார்கள், எந்த மாதம் என்று போடுங்கள். ஏப்ரலில், தமிழ்மொழி விழா நடக்கும் நேரத்தில் கேட்டிருந்தால் அதையும் குறிப்பிட்டுவிடுங்கள்.